விளக்கேந்திய கையில் ஓர் அகப்பை

மூன்றாமாண்டு மாணவி, ஊட்டச்சத்து மற்றும் உணவுமுறையியல் துறை

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை அறியாத மாணவர் நம்மிடையே இருக்க முடியாது. இருண்ட மருத்துவமனைக் கூடம், இருபுறமும் வரிசையாகப் படுத்திருக்கும் போர்வீரர்கள், நடுவே கையில் விளக்குடன் மெல்ல நடந்து வரும் ஒரு பெண்மணி. பள்ளிப் பாடநூலில் நாம் கண்ட அந்தப் படம் நெஞ்சை விட்டு அகலாதது. ஆனால் அந்த அம்மையார் விளக்கை ஏந்தியதற்கு முன்பே அகப்பையை ஏந்தியவர் என்பதை நான் அறிந்தது கல்லூரிக்கு வந்த பிறகுதான்.

நான் இந்தத் துறையில் சேர்ந்தபோது எங்கள் வீட்டில் மகிழ்ந்தவர்களை விட வியந்தவர்களே மிகுதி. சமையல் கற்றுக்கொள்ளக் கல்லூரிக்கா போக வேண்டும், அம்மாவிடம் கற்றுக்கொண்டால் போதாதா என்று சித்தப்பா கேட்டார். செவிலியர் படிப்புக்குப் போயிருக்கலாம், ஆசிரியர் பயிற்சிக்காவது போயிருக்கலாம் என்று அத்தை வருந்தினார். தறி நெய்து என்னைப் படிக்க வைக்கும் அப்பா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் இருந்ததே எனக்கு அதிகமாக உறுத்தியது. டயட்டீஷியன் என்று ஆங்கிலத்திலும் உணவியல் வல்லுநர் என்று தமிழிலும் சொல்லப்படும் தொழிலுக்கு நான் படிக்கிறேன் என்று சொன்னால், அது என்ன தொழில் என்று கேட்போருக்கு விடை சொல்லத் தெரியாமல் விழித்திருக்கிறேன். அந்த விடையைத் தேடியபோது எனக்குக் கிடைத்தவர்தான் நைட்டிங்கேல் அம்மையார். அவர் வாழ்க்கையை உணவின் பக்கத்திலிருந்து பார்த்து இக்கட்டுரையில் எழுதுகிறேன். அதனூடே நான் செய்த தவறு ஒன்றையும் மறைக்காமல் சொல்வேன்.

பிறப்பும் இளமையும்

1820-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள், இத்தாலி நாட்டின் பிளாரன்ஸ் நகரில் அம்மையார் பிறந்தார். ஊரின் பெயரே குழந்தைக்குப் பெயராயிற்று. பெற்றோர் ஆங்கிலேயர், பெருஞ்செல்வர். இங்கிலாந்தில் அவர்களுக்கு இரண்டு மாளிகைகள் இருந்தன. ஒன்று டெர்பிஷயரில், மற்றொன்று ஹாம்ப்ஷயரில். பார்த்தினோப் என்ற அக்காள் ஒருத்தி உண்டு. தந்தையார் வில்லியம் நைட்டிங்கேல் தம் மகளிர் இருவருக்கும் தாமே ஆசிரியராக இருந்து கிரேக்கம், இலத்தீன், வரலாறு முதலியவற்றைக் கற்பித்தார். இளையவளுக்கோ கணக்கின் மீது தணியாத வேட்கை. எதையும் எண்ணிப் பார்ப்பதும், எண்ணியதை அட்டவணையாக எழுதி வைப்பதும் அவருக்குச் சிறு வயதிலேயே அமைந்த பழக்கம். அந்தப் பழக்கம் பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான உயிர்களைக் காக்கப் போகிறது என்பதை அன்று யாரும் அறிந்திருக்கவில்லை.

1837-இல், பதினாறு வயதில், இறைவன் தம்மை ஒரு தொண்டுக்கு அழைப்பதாக அவர் உணர்ந்தார். எந்தத் தொண்டு என்பது தெளிய ஆண்டுகள் சில ஆயின. நோயாளிகளுக்குப் பணி செய்வதே அது என்று தெளிந்ததும் வீட்டில் புயல் எழுந்தது. அக்காலத்து இங்கிலாந்தில் செவிலியர் பணி மதிப்பற்றது. படிப்பில்லாதவரும் குடிப்பழக்கம் உடையவரும் செய்யும் வேலை என்றே கருதப்பட்டது. மாளிகையில் பிறந்த பெண் அந்த வேலைக்குப் போவதா என்று தாயார் அழுதார். அக்காள் மயங்கி விழுந்தாள். 1845-இல் அருகிலிருந்த மருத்துவமனை ஒன்றில் சில மாதம் பயிற்சி பெற அவர் விரும்பியதும் தடுக்கப்பட்டது.

என் அத்தை செவிலியர் படிப்பை உயர்வாகவும் என் படிப்பைத் தாழ்வாகவும் பேசியபோது, இந்தச் செய்தியை எண்ணி எனக்குள் சிரித்துக்கொண்டேன். இன்று உயர்வாகப் போற்றப்படும் தொழில் ஒரு காலத்தில் இழிவாக இருந்தது. அதை உயர்த்தியவர் ஒரு பெண்.

தடைகளைத் தாண்டி

ரிச்சர்ட் மாங்க்டன் மில்ன்ஸ் என்ற நல்லவர், கவிஞர், பல ஆண்டுகள் அவரை மணக்க விரும்பிக் காத்திருந்தார். அம்மையாருக்கும் அவர் மீது அன்பு இல்லாமல் இல்லை. ஆயினும் 1849-இல் அவர் மறுத்துவிட்டார். மணவாழ்வில் புகுந்தால் தம் பணி நின்றுவிடும் என்ற அச்சமே காரணம். 1851-இல் ஜெர்மனியில் ரைன் ஆற்றங்கரையிலுள்ள கைசர்ஸ்வெர்த் என்னும் ஊரில் ஏறத்தாழ மூன்று மாதம் தங்கிப் பயிற்சி பெற்றார்.

1853 ஆகஸ்டில் இலண்டன் ஹார்லி தெருவில் நோயுற்ற பெண்களுக்கான சிறிய மருத்துவ இல்லம் ஒன்றின் கண்காணிப்பாளர் ஆனார். அங்கே அவர் முதலில் கேட்டவை இரண்டு. ஒவ்வொரு மாடிக்கும் குழாய் வழியே வெந்நீர் வர வேண்டும். சமையலறையிலிருந்து நோயாளியின் மாடிக்கு உணவு சூடு ஆறாமல் வந்து சேர ஒரு தூக்கி வேண்டும். செவிலியர் நாளெல்லாம் மாடிப்படி ஏறி இறங்குவதிலேயே களைத்துப் போனால் நோயாளியை எப்போது பார்ப்பது என்பது அவர் கருத்து. சூடு ஆறிய உணவு பாதி மருந்தை இழந்த உணவு என்பதை அவர் அன்றே கண்டிருந்தார்.

போர் முனையில்

1854-இல் இங்கிலாந்தும் பிரான்சும் துருக்கியின் பக்கம் நின்று ருஷியாவை எதிர்த்தன. கருங்கடலின் வடகரையிலுள்ள கிரிமியாவில் போர் மூண்டது. காயம்பட்ட வீரர்களையும் நோயுற்ற வீரர்களையும் கப்பலேற்றி, கான்ஸ்டாண்டிநோபிள் நகருக்கு எதிர்க்கரையிலுள்ள ஸ்கூட்டாரிக்குக் கொண்டுவந்தனர். அங்கே துருக்கியரின் மாபெரும் படைவீடு ஒன்று மருத்துவமனையாக மாற்றப்பட்டிருந்தது. அங்கு நிலவிய அவலத்தை டைம்ஸ் நாளிதழ் வெளியிட்டதும் நாடே கொதித்தது. போர்த்துறைச் செயலராக இருந்த சிட்னி ஹெர்பர்ட், அம்மையாரின் நண்பர். அவர் வேண்டுகோளை ஏற்று, 38 செவிலியருடன் 1854 அக்டோபர் 21-இல் புறப்பட்ட அம்மையார் நவம்பர் 4-இல் ஸ்கூட்டாரி வந்து சேர்ந்தார்.

இராணுவ மருத்துவர்கள் அவரை வரவேற்கவில்லை. நோயாளி அருகே செல்லவே அவர்களுக்கு முதலில் அனுமதி இல்லை. அம்மையார் சண்டையிடவில்லை. மருத்துவர் ஆணை தரும்வரை எந்தச் செவிலியரும் எந்த நோயாளியையும் தொடக்கூடாது என்று தம் குழுவினருக்கே கட்டளையிட்டார். அதற்கிடையில் அவர் நுழைந்த இடம் எது? சமையற்கூடம்!

பதின்மூன்று கொப்பரைகள்

அந்த மருத்துவமனையின் சமையலைப் பற்றிப் படித்தபோது எனக்கு இரவு உணவு இறங்கவில்லை. பெரிய கட்டடத்தின் ஒரு கோடியில் பதின்மூன்று கொப்பரைகள். ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்கும் அவற்றில்தான் சமையல். இறைச்சியை எடை போட்டு வழங்குவார்கள்; எடையில் எலும்பும் சேர்த்தி. ஆகவே ஒருவன் பங்கில் வெறும் எலும்பும் நரம்பும் வந்தாலும் கணக்கில் அவனுக்கு முழு உணவு கொடுத்ததாகவே பதிவாகும். ஒவ்வொரு கூடத்துப் பணியாளனும் தன் கூடத்துக்குரிய இறைச்சியை அடையாளம் காண அதில் கந்தல் துணியோ, பொத்தானோ, பழைய ஆணியோ கட்டிக் கொப்பரைக்குள் போடுவான். தண்ணீர் கொதித்ததா என்று பார்ப்பவர் இல்லை. ஒரு துண்டு வேகாமல் வரும். மற்றொன்று கரைந்து போயிருக்கும். இறைச்சி வெந்த நீரைக் கீழே கொட்டிவிட்டு, சரியாகக் கழுவாத அதே கொப்பரையில் தேநீர் போடுவார்கள். கடைசிக் கூடத்துக்கு உணவு போய்ச் சேரும்போது மணிக்கணக்காக ஆகியிருக்கும். வயிற்றுப்போக்கினால் எழ முடியாமல் கிடக்கும் ஒருவனுக்கு இந்த உணவை யார் ஊட்டுவது? ஊட்டினால்தான் அவன் உண்பானா?

எலும்பை நீக்கிவிட்டு இறைச்சியை எடை போடலாமே என்று அம்மையார் கேட்டார். அதற்கு இராணுவத்தில் புதிய விதி ஒன்று வேண்டும் என்று விடை வந்தது. விதி வரும்வரை வயிறு காத்திருக்குமா?

அம்மையார் காத்திருக்கவில்லை. வந்து பத்து நாட்களுக்குள் கட்டடத்தின் வெவ்வேறு பகுதிகளில் இரண்டு தனி உணவுச் சமையலறைகளைத் திறந்தார். மாடிப்படி ஒன்றில் கூவைமாவுக் கஞ்சி முதலியவை காய்ச்சுவதற்கென மூன்று கொதிகலன்களையும் அமைத்தார். பணத்துக்கு அரசாங்கத்தை எதிர்பார்க்காமல், டைம்ஸ் நாளிதழ் மக்களிடம் திரட்டிய நிதியையும் தம் கைப்பணத்தையும் செலவிட்டார். இறைச்சிச் சாறு, கூவைமாவுக் கஞ்சி, சூப்பு என எளிதில் செரிக்கும் உணவு வகைகள் அங்கே உருவாயின.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. மருத்துவர் கையெழுத்திட்ட சீட்டு இல்லாமல் அந்தச் சமையலறையிலிருந்து ஒரு கிண்ணம் கூட வெளியே போகாது. இன்ன நோயாளிக்கு இன்ன உணவு என்று எழுத்தில் வர வேண்டும். எழுதியபடி சமைக்க வேண்டும். சமைத்தது குறித்த ஆளுக்கே போய்ச் சேர வேண்டும். இன்று நம் மருத்துவமனைகளில் உணவுச் சீட்டு என்று நாம் வகுப்பில் படிக்கும் முறை இதுவேயன்றோ! அந்தப் பெயரில் ஒரு தொழில் தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, அந்தத் தொழிலின் முழு வடிவம் ஸ்கூட்டாரியின் மாடிப்படியில் புகைந்துகொண்டிருந்தது.

ஸ்கூட்டாரியில் இப்படி என்றால் போர்முனையில் நிலைமை இன்னும் மோசம். வீரர்களுக்கு வறுக்காத பச்சைக் காப்பிக் கொட்டையைக் கொடுத்தார்கள். வறுக்க விறகும் இல்லை, அரைக்கக் கருவியும் இல்லை. ஸ்கர்வி நோயினால் ஈறு வீங்கிப் பல் ஆடிய வீரர்கள் பலர். எலுமிச்சையினத்துப் பழச்சாறு இந்நோயைத் தீர்க்கும் என்பதை 1747-இலேயே ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் சோதனை செய்து காட்டியிருந்தார். 1795 முதல் ஆங்கிலக் கடற்படை அதைப் பின்பற்றியும் வந்தது. ஆயினும் 1854 டிசம்பரில் பலாக்லாவாத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்த எலுமிச்சைச் சாறு பிப்ரவரி வரை கிடங்கிலேயே கிடந்தது. தினசரிப் பங்கீட்டு விதியில் அதற்கு இடமில்லையாம்! அறிவு ஏட்டில் இருந்தது. மருந்து கிடங்கில் இருந்தது. இரண்டையும் வீரனின் வாய்க்குக் கொண்டு சேர்க்க ஆளில்லை.

துணைக்கு வந்த சமையற்கலைஞர்

1855-இன் தொடக்கத்தில் இலண்டனிலிருந்து ஒருவர், தம் செலவிலேயே போர்முனைக்கு வர விரும்புவதாக நாளிதழுக்கு எழுதினார். அவர் பெயர் அலெக்சிஸ் சோயர். பிரான்சு நாட்டில் பிறந்து, இலண்டன் ரிபார்ம் கிளப்பில் தலைமைச் சமையற்காரராகப் பெரும்புகழ் பெற்றவர். பகட்டான உடையும் பகட்டான பேச்சும் உடையவர். ஆனால் 1847-இல் அயர்லாந்துப் பஞ்சத்தின்போது டப்ளினில் ஏழைகளுக்குச் சூப்புக் கூடம் நடத்தியவரும் அவரே. கண்டிப்பும் அடக்கமும் மிகுந்த அம்மையாரும், ஆடம்பரமான சோயரும் எப்படி ஒத்துப்போவார்கள் என்று நினைக்கத் தோன்றும். அவர்கள் நன்றாகவே ஒத்துப்போனார்கள்.

சோயர் கூடுதல் பொருள் எதுவும் கேட்கவில்லை. அதே பங்கீட்டுப் பொருள்களைக் கொண்டே சுவையான உணவு சமைத்துக் காட்டினார். இறைச்சி வெந்த நீரைக் கொட்டாமல் சூப்பாக்கச் சொன்னார். இறைச்சியைக் கட்டியாகத் திணிக்காமல் நீர் புகும்படி இடைவெளி விட்டுக் கட்டச் சொன்னார். வீரர்களிலேயே சிலரைத் தேர்ந்து சமையல் பழக்கினார். குறைந்த விறகில், மழையிலும் காற்றிலும் எரியும் அடுப்பு ஒன்றை வடிவமைத்தார். சோயர் அடுப்பு எனப்பட்ட அது, நூறாண்டுகளுக்கு மேல் ஆங்கில இராணுவத்தில் பயன்பட்டது. அவர் 1858-இல் காலமானபோது அம்மையார் பெரிதும் வருந்தினார்.

எண்கள் சொன்ன உண்மை

இவ்வளவும் செய்த பிறகு வீரர்கள் பிழைத்தார்கள் என்று எழுதி முடித்துவிடலாம். பல கட்டுரைகள் அப்படித்தான் முடிகின்றன. உண்மை அதுவன்று.

அம்மையார் வந்த பிறகும் அந்தக் குளிர்காலத்தில் சாவு ஏறிக்கொண்டே போயிற்று. 1855 பிப்ரவரியில் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 42 பேருக்கு மேல் மாண்டனர். காயத்தால் மாண்டவர் சிலரே. காலரா, வயிற்றுப்போக்கு, சன்னி முதலிய நோய்களால் மாண்டவரே பலர். மருத்துவமனைக்கு அடியில் அடைபட்டுக் கிடந்த சாக்கடைகளே அதற்குப் பெருங்காரணம். மார்ச் மாதத்தில் அரசாங்கம் அனுப்பிய சுகாதாரக் குழு வந்து சாக்கடைகளைக் கழுவி, குடிநீரைத் தூய்மையாக்கி, காற்றோட்டம் அமைத்தது. ஜூன் மாதத்தில் சாவு நூற்றுக்கு 2 என்ற அளவுக்கு இறங்கியது.

1856 ஆகஸ்டில் நாடு திரும்பிய அம்மையாருக்குப் புகழ்மாலை காத்திருந்தது. அவரோ ஊர்வலங்களைத் தவிர்த்து ஓசையின்றி வீடு வந்து சேர்ந்தார். கிரிமியாவில் பற்றிய காய்ச்சல் அவர் உடலை உருக்கியிருந்தது. அதன்பின் பல்லாண்டுகள் அவர் பெரும்பாலும் படுக்கையிலிருந்தே பணி செய்தார். வில்லியம் பார் என்ற புள்ளியியல் அறிஞரின் துணையோடு இறந்தோர் கணக்கை எடுத்து ஆராய்ந்தார். தடுத்திருக்கக்கூடிய நோய்களாலேயே பெரும்பாலோர் இறந்தனர் என்பதைக் கண்டார். தம் மருத்துவமனையும் அந்தக் கணக்குக்கு விலக்கில்லை என்பதை அவர் மறைக்கவில்லை. அந்த எண்களை வண்ண வட்டப்படமாக வரைந்து, படிக்கப் பொறுமையில்லாத அமைச்சரும் ஒரே பார்வையில் புரிந்துகொள்ளும்படி செய்தார். 1858-இல் புள்ளியியல் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது. அச்சங்கத்தின் முதல் பெண் உறுப்பினர் அவரே.

தம் உழைப்பைத் தாமே எடை போட்டு, எது பயன் தந்தது, எது போதவில்லை என்று பார்க்கும் துணிவு எத்தனை பேருக்கு வரும்? நல்ல உணவு வேண்டும். ஆனால் உணவு மட்டும் போதாது. நல்ல நீரும் நல்ல காற்றும் உடன் வேண்டும். உணவியல் படிப்போர் இதை மறக்கலாகாது.

நோயாளியின் தட்டு

1859-இன் இறுதியில் அம்மையாரின் செவிலியர் பணி பற்றிய சிறுநூல் வெளிவந்தது. வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் சாதாரணப் பெண்களுக்காக எழுதப்பட்ட நூல் அது. அதில் உணவுக்கென்றே இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று உணவை எப்படிக் கொடுப்பது என்பது பற்றியது. மற்றொன்று எந்த உணவைக் கொடுப்பது என்பது பற்றியது. எப்படி என்பதை அவர் முதலில் வைத்திருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அவர் கருத்துகளை என் சொற்களில் தருகிறேன். உணவு நிறைந்த வீட்டிலேயே பல நோயாளிகள் பட்டினியால் மெலிகிறார்கள். அவர்களால் எப்போது, எப்படி உண்ண முடியும் என்று யாரும் பார்க்காததே காரணம். மூன்று மணிக்கு ஒருமுறை ஒரு கோப்பை உணவை ஏற்க முடியாதவருக்கு மணிக்கு ஒரு பெரிய கரண்டி கொடுக்கலாம். அதுவும் முடியாவிட்டால் கால் மணிக்கு ஒரு தேக்கரண்டி கொடுக்கலாம். உண்ணாத உணவைப் பிறகு உண்பார் என்று படுக்கையருகே வைத்துவிட்டுப் போகக்கூடாது. அது உள்ள பசியையும் கெடுக்கும். தட்டு நிறைய வைத்து மலைக்க வைக்கக்கூடாது. குறித்த நேரம் தவறக்கூடாது. இறைச்சிச் சாறு பெரிய சத்துணவு என்று ஊரெல்லாம் நம்புகிறது; அதை வற்றக் காய்ச்சிப் பார்த்தால் அடியில் தங்குவது மிகச் சிறிதே. நோயாளிக்கு எது ஒத்துக்கொள்கிறது என்பதை வேதியியல் மட்டும் சொல்லிவிடாது. அவருடைய வயிறுதான் சொல்லும், அதைக் கவனித்துக் கேட்கக் கண் வேண்டும்.

கலோரிக் கணக்கு நோயாளிக்கு வந்து சேர்வதற்கு முன், வைட்டமின் என்ற சொல்லே பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன் எழுதப்பட்டவை இவை. சத்துகளைப் பற்றி அவர் எழுதியவற்றில் சில இன்று பழமையாகிவிட்டன. உண்ணும் மனிதரைப் பற்றி எழுதியவை பழமையாகவில்லை.

என் தாத்தாவின் தட்டு

இனி என் தவற்றைச் சொல்கிறேன். இரண்டாமாண்டுத் தேர்வு முடிந்த விடுமுறையில், அம்மாவைப் பெற்ற தாத்தா குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. ஊரிலிருந்து வெகுதூரத்திலுள்ள ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். அவருக்குச் சர்க்கரை நோயும் உண்டு. உணவுமுறையியல் மாணவி அல்லவா நான்! அவர் உயரம், எடை, வயது எல்லாம் கணக்கிட்டு, நாளொன்றுக்கு 1600 கலோரி என்று கட்டம் போட்டு அட்டவணை எழுதிப் படுக்கைக்கு மேலே ஒட்டினேன். சித்தப்பா வந்து பார்த்துவிட்டு முதன்முறையாக என் படிப்பை மெச்சினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

காலையில் இட்லி, மாலையில் சப்பாத்தி என்று மருத்துவமனை உணவு வேளை தவறாமல் வந்தது. பணியாளர் வைத்துவிட்டுப் போவார். பிறகு வந்து தட்டை எடுத்துப் போவார். நானோ அம்மாவோ மருந்துக் கடைக்கும் பரிசோதனைக் கூடத்துக்கும் அலைந்துகொண்டிருந்தோம். நான்காம் நாள் இரவு தாத்தாவுக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, பேச்சுக் குழறியது. சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது. இன்சுலின் ஊசி போட்டாயிற்று. உண்ட உணவு மட்டும் இல்லை.

மருத்துவர் வந்து நிலைமையைச் சரிசெய்த பிறகு, வயதில் மூத்த ஒரு செவிலியர் அம்மா என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். இன்று இவர் எத்தனை சப்பாத்தி சாப்பிட்டார் என்று. எனக்கு விடை தெரியவில்லை. எத்தனை கொடுக்கப்பட்டது என்பது தெரியும்; அதில் எத்தனை கலோரி என்பதும் தெரியும். அவர் தாத்தாவின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். பல்செட் இல்லை! விழுந்த அவசரத்தில் அது வீட்டில் டம்ளர் தண்ணீரிலேயே கிடந்தது. யாருக்கும் தொல்லை கொடுக்கக்கூடாது என்று எண்ணிய தாத்தா, நான்கு நாளும் சப்பாத்தியைப் பக்கத்துப் படுக்கைக்காரரின் பேரனுக்குக் கொடுத்துவிட்டு, குழம்பை மட்டும் குடித்திருக்கிறார்.

அன்றிரவு தாத்தாவின் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டு நான் அழுதேன். ஸ்கூட்டாரியில் எலும்பையும் சேர்த்து எடை போட்டுக் கணக்கு முடித்தவர்களுக்கும் எனக்கும் என்ன வேறுபாடு? அவர்களுடைய ஏட்டிலும் உணவு முழுதாக இருந்தது. என் அட்டவணையிலும் முழுதாகவே இருந்தது.

மறுநாள் பல்செட் வந்தது. மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, குழைந்த பருப்புச் சாதம், கேழ்வரகுக் கூழ், வேகவைத்த முட்டை என்று உணவை மாற்றினோம். என் அட்டவணையைக் கிழித்துவிட்டு வேறொன்று எழுதினேன். கொடுத்தது, உண்டது, மிஞ்சியது என்று மூன்றே பத்திகள். தாத்தா இன்று கைத்தடி ஊன்றி நடக்கிறார். அந்த மூன்று பத்திச் சீட்டு என் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது.

இந்தியாவும் அம்மையாரும்

அம்மையார் இந்தியாவுக்கு ஒருமுறையேனும் வந்ததில்லை. எனினும் நாற்பதாண்டுகளுக்கு மேல் இந்நாட்டைப் பற்றிச் சிந்தித்தார். இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படையின் சுகாதாரம் பற்றிய அரசுக் குழு 1863-இல் அறிக்கை தந்தது. அதன் பின்னணியில் உழைத்தவர் அவரே. ஆயிரத்துக்கு 69 என்றிருந்த படைவீரர் சாவு பத்தாண்டுகளில் 18 ஆகக் குறைந்தது.

படையிலிருந்து அவர் பார்வை குடியானவர் பக்கம் திரும்பியது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய கொடிய பஞ்சத்தை நம் முன்னோர் தாது வருடப் பஞ்சம் என்று சொல்லிச் சொல்லி நடுங்கினார்கள். நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி விதித்தார். உழைக்கும் உடலுக்கு அது போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் கணக்குக் காட்டி வாதிட்டார். ஒரு மனிதனுக்கு எவ்வளவு உணவு வேண்டும் என்ற கேள்வி எத்தனை உயிர்களின் கேள்வி என்பதை அந்த வாதம் காட்டுகிறது. பஞ்சத்தின் கொடுமையையும், உழவரின் கடன்சுமையையும் எடுத்துக்காட்டி 1878-இல் அம்மையார் ஆங்கில இதழில் நீண்ட கட்டுரை எழுதினார். நீர்ப்பாசனமே பஞ்சத்துக்கு மருந்து என்று வற்புறுத்திய சர் ஆர்தர் காட்டனுக்குத் துணைநின்றார். மருத்துவமனைத் தட்டில் தொடங்கிய அவர் சிந்தனை, தட்டுக்கு உணவு வரும் வயல்வரை சென்றது.

இறுதிக்காலம்

1860-இல் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில், மக்கள் அளித்த நிதியைக் கொண்டு செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. அங்குப் பயின்றவர்கள் பல நாடுகளுக்கும் சென்றனர். முதுமையில் கண்பார்வை மங்கியது. 1907-இல் ஆர்டர் ஆப் மெரிட் என்னும் உயர்ந்த விருது அவருக்கு அளிக்கப்பட்டது. அதைப் பெற்ற முதல் பெண்மணி அவர். 1910 ஆகஸ்ட் 13-இல், தொண்ணூறாம் வயதில், உறக்கத்திலேயே உயிர் பிரிந்தது. வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யும் பெருமையைக் குடும்பத்தார் ஏற்கவில்லை. அவர் விருப்பப்படியே ஹாம்ப்ஷயரில் ஒரு சிற்றூர்க் கோயில் முற்றத்தில், குடும்பத்தார் கல்லறையில் அடக்கம் செய்தனர்.

அவர் ஊன்றிய வித்து முளைத்தது. 1917-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் உணவியல் வல்லுநர்கள் கூடித் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். 1924-இல் எடின்பரோ மருத்துவமனையில் ரூத் பைபஸ் என்பவர் பிரிட்டனின் முதல் உணவியல் வல்லுநராகப் பொறுப்பேற்றார். அவரும் செவிலியராக இருந்தவரே. நம் நாட்டிலோ 1918-இல் குன்னூரில் ஒரே ஓர் அறையில் தொடங்கிய ஆராய்ச்சி, பின்னர் ஐதராபாத்துக்குச் சென்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்து நிற்கிறது.

முடிவுரை

இத்தொழிலை விரும்பும் தங்கையருக்கும் தம்பியருக்கும் ஒன்று சொல்வேன். இளநிலைப் பட்டத்தோடு நின்றுவிடாதீர்கள். மேற்படிப்பு, மருத்துவமனைப் பயிற்சி, இந்திய உணவியல் சங்கம் நடத்தும் பதிவுத் தேர்வு என்று வழி நீளமானது. 2021-இல் இயற்றப்பட்ட மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கான தேசியச் சட்டத்தில் நம் தொழிலுக்கும் இடம் கிடைத்திருக்கிறது. நாளை ஊர்தோறும் உணவியல் வல்லுநர் தேவைப்படுவர். சர்க்கரை நோயும் இரத்தச் சோகையும் நம்மைச் சூழ்ந்திருக்கும்போது இதில் ஐயமில்லை.

அண்மையில் சித்தப்பா மீண்டும் என் படிப்பைப் பற்றிக் கேட்டார். இம்முறை நான் விழிக்கவில்லை. கொடுத்த உணவு உள்ளே போயிற்றா என்று பார்ப்பதுதான் என் தொழில் என்றேன். அவர் சிரித்தார். மூலையில் தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்த அப்பா, அந்தத் தொழில் வீட்டுக்கு வீடு வேண்டும் என்றார். மூன்றாண்டுகளில் என் படிப்பைப் பற்றி அவர் பேசிய முதல் பேச்சு அது.

மாணவ நண்பர்களே! நைட்டிங்கேல் அம்மையாரின் படத்தை இனி எங்கேனும் கண்டால், அந்த விளக்கின் ஒளி எங்கே விழுகிறது என்று பாருங்கள். நோயாளியின் முகத்தில் மட்டுமன்று, அவர் அருகில் தீண்டப்படாமல் இருக்கும் தட்டின் மீதும் அது விழட்டும். அந்தத் தட்டைக் கவனிக்கும் கண்ணை நாமும் பெறுவோமாக!